தூங்கி எழுந்த வண்டியும் 1937-ம் வருஷமும்

"தொடப்பத்தைக் கீழ போடு!"

எங்க வீட்டு ஓனர் இவ்வளவு சத்தமாப் பேசி நான் கேட்டதே இல்லை. 73 வயசு. வாடகை ரெண்டு நாள் லேட்டானாக்கூட சிரிச்சுக்கிட்டே ஞாபகப்படுத்துற மனுஷன். அவர் இப்படிக் கத்தினதும் கையில இருந்ததை அப்படியே போட்டுட்டேன்.

கொஞ்சம் ரிவைண்ட் பண்றேன். டென்வர்ல அவர் வீட்டு பேஸ்மெண்ட்லதான் நான் குடியிருக்கேன். அவர்கிட்ட ஒரு பழைய மோட்டார்ஹோம் இருக்கு. அதாங்க, வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கக்கூஸ் எல்லாத்தையும் அடைச்சு வச்ச நடமாடும் வீடு. அவருக்கு முட்டி ஆபரேஷன் ஆனதால ரெண்டு குளிர்காலமா ஊருக்கு வெளியே ஒரு ஷெட்டுல சும்மாவே நின்னுக்கிட்டிருந்தது. இந்த ஏப்ரல்ல எனக்கு ஆணி கொஞ்சம் கம்மி. "சனிக்கிழமை கூட வர்றியா, வண்டியை எழுப்பணும்"னு கேட்டார். தூசி தட்டி, பேட்டரியை மாட்டி, சாவியைத் திருகினா முடிஞ்சதுன்னு நெனச்சுக்கிட்டு நானும் கிளம்பிட்டேன்.

உள்ளே சீட்டுக்கு அடியில் இருந்த டப்பாவைத் திறந்தா, ஒரு டிஷ்யூ ரோல் முழுக்கக் குதறிப் போட்டிருக்கு. சுத்திலும் எலிப் புழுக்கை. ஊர்ல நெல்லு மூட்டை அடுக்கின ரூம்ல பார்க்காத எலிப் புழுக்கையா? தொடப்பத்தை எடுத்தேன். மீதியை மேலேயே சொல்லிட்டேன்.

அவர் சட்டைப் பையில் மடிச்சு வச்ச ஒரு லிஸ்ட் இருந்தது. கையால எழுதினது, இருபது இருபத்தஞ்சு வரி இருக்கும். முதல் வரியே "எலி - கூட்டாதே, நனை". அன்னிக்கு ராத்திரி வந்து அந்த ஒரு வரியைப் பத்தித் தேட ஆரம்பிச்சேன். ஒண்ணு இன்னொண்ணுக்கு இழுத்துட்டுப் போய், இப்ப பதிவாவே வந்து நிக்குது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே.

முதல்ல வண்டியோட வரலாறு, சுருக்கமா

1910-ல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் கண்காட்சியில் பியர்ஸ்-ஏரோ கம்பெனி 'டூரிங் லேண்டோ'ன்னு ஒரு காரைக் காட்டினாங்க. பின் சீட்டை மடக்கினா படுக்கை, கை கழுவ ஒரு தொட்டி, ராத்திரி அவசரத்துக்கு ஒரு பாத்திரம். மோட்டார்ஹோம் வரலாறு எழுதுறவங்க பெரும்பாலும் இங்கேருந்துதான் தொடங்குறாங்க. அது பணக்காரங்க சமாச்சாரம். சாதாரண மிடில் கிளாஸ் ஆளும் வாங்கலாம்னு ஆனது 1966-க்கு அப்புறம். அயோவா மாநிலத்துல ஃபாரஸ்ட் சிட்டிங்கிற சின்ன ஊர்ல வின்னபேகோ கம்பெனி அசெம்ப்ளி லைன் போட்டு மோட்டார்ஹோமை வரிசையாச் செஞ்சு தள்ள ஆரம்பிச்சாங்க.

இந்த வண்டிகளோட தலையெழுத்து என்னன்னா, வருஷத்துல பாதி நாள் ஓடாது. குளிர்காலத்துல குழாய்க்குள்ள தண்ணி உறைஞ்சா சுமார் 9 சதவீதம் பெருக்கும், குழாய் வெடிச்சிடும். அதனால தண்ணியை வடிச்சு, குழாய்ல உறையாத திரவத்தை ஊத்தி, மூடி வச்சிடுவாங்க. வசந்த காலத்துல எழுப்பணும். ஓடுற வண்டி தேயும்னு நமக்குத் தெரியும். நிக்கிற வண்டி எப்படிக் கெடும்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சது.

பேரில்லாத வைரஸ்

மறுபடி எலிக்கு வருவோம். 1993 மே மாசம். கொலராடோ, நியூ மெக்சிகோ, அரிசோனா, யூட்டா நாலும் ஒரே புள்ளியில் சந்திக்கிற இடத்துக்கு 'ஃபோர் கார்னர்ஸ்'னு பேரு. அந்தப் பகுதியில நவஹோ பழங்குடியைச் சேர்ந்த ஒரு இளைஞர், நல்ல ஓட்டக்காரர், திடீர்னு மூச்சுத் திணறி இறந்துபோனார். அப்போ அவர் போய்க்கிட்டிருந்ததே தன் வருங்கால மனைவியோட இறுதிச் சடங்குக்குத்தான். அந்தப் பொண்ணும் சில நாள் முன்னாடி இதே மாதிரி மூச்சுத் திணறித்தான் இறந்திருந்தா. தேடிப் பார்த்தா அக்கம்பக்கத்துல இன்னும் சிலர், எல்லாரும் திடகாத்திரமான வயசு.

சில வாரத்திலேயே சி.டி.சி. ஆராய்ச்சியாளர்கள் ஹன்டா வகை வைரஸ்னு கண்டுபிடிச்சாங்க. கொரியப் போர் சமயத்துல ஆயிரக்கணக்கான வீரர்களைப் படுக்க வச்ச நோயோட சொந்தக்காரன். அதைப் பரப்புறது 'மான் எலி'ன்னு சொல்ற ஒரு குட்டி எலி. பார்க்க ரொம்ப அழகா இருக்கும், அதான் கொடுமை. அதோட மூத்திரமும் புழுக்கையும் காஞ்சு தூசியாகி, அந்தத் தூசி காத்துல எழும்பி நம்ம மூக்குக்குள்ள போனாப் போதும். வந்தவங்கள்ல மூணுல ஒருத்தருக்கு மேல இறந்துடுறாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். நவஹோ பெரியவங்களைப் போய்க் கேட்டப்ப அவங்க ஏற்கெனவே ஒரு கணக்கு வச்சிருந்தாங்க. பனியும் மழையும் நிறைய பெய்ஞ்ச வருஷம் பின்யோன் கொட்டை அதிகமா விளையும், எலி பெருகும், அப்போ இந்தச் சாவு வரும், எலியை வீட்டுக்குள்ள விடாதேன்னு. எல் நினோ மழைக்கு அப்புறம் அந்த வருஷம் எலிகள் சுமார் 10 மடங்கு பெருகியிருந்ததுன்னு விஞ்ஞானிகள் கணக்கும் அதையேதான் சொன்னது. ஆனா வெளியே என்ன நடந்தது? பத்திரிகைகள்ல 'நவஹோ காய்ச்சல்'னு எழுதி, அந்த மக்களைப் பார்த்தாலே ஒதுங்குற நிலைமை. வைரஸுக்கு அங்கே உள்ள ஒரு பள்ளத்தாக்கோட பேரை வைக்கப் பார்த்தாங்க. நவஹோ மக்கள் எதிர்த்தாங்க. கடைசியில வச்ச பேரு 'சின் நோம்ப்ரே'. ஸ்பானிஷ்ல 'பேரில்லாதது'ன்னு அர்த்தம்.

மூடிக் கிடக்குற கேபின், ஷெட், கேம்பர் வண்டி, இதையெல்லாம் ரொம்ப நாள் கழிச்சுத் திறந்து கூட்டும்போது இந்த நோய் வர வாய்ப்பு அதிகம். அதனால முறை இப்படி: கதவு ஜன்னலைத் திறந்து வச்சிட்டு அரை மணி நேரம் வெளியே நில்லு. கையுறை போடு. ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணி கலந்து புழுக்கை மேல நல்லா நனையத் தெளி. அஞ்சு நிமிஷம் ஊறினதும் பேப்பரால துடைச்சு எடுத்து மூட்டை கட்டு. கூட்டக்கூடாது, வேக்குவம் கிளீனரும் போடக்கூடாது.

அவர் கத்தினதுக்கு அர்த்தம் இதுதான். நான் கூட்டியிருந்தா எதுவும் ஆகாமலும் போயிருக்கலாம். ஆயிருந்தா அது எலித் தூசியிலேருந்து வந்ததுன்னு எனக்குத் தோணியே இருக்காது.

டயர், பேட்டரி, ஃபிரிட்ஜ் - மூணும் வேகமா

டயர்ல பட்டன் தேயவே இல்லை, புதுசு மாதிரி இருந்தது. பெரியவர் மண்டி போட முடியாம என்னைக் குனியச் சொல்லி பக்கவாட்டுல டி.ஓ.டி.ன்னு ஆரம்பிக்கிற எண்ணைப் படிக்கச் சொன்னார். கடைசி நாலு இலக்கம்தான் பிறந்த தேதி. 2314-ன்னா 2014-ம் வருஷம் 23-வது வாரம். இந்த நாலு இலக்க முறை 2000-லேருந்து வந்தது. அதுக்கு முன்னாடி மூணே இலக்கம், எந்தப் பத்தாண்டுன்னு குழம்பும். சார்லஸ் குட்இயர் 1844-ல் காப்புரிமை வாங்கின வல்கனைசிங் ரப்பரைக் கெட்டியாக்குச்சு, ஆனா காத்துல இருக்கிற ஓசோன் அதை வெடிக்க வைக்கும். அதைத் தடுக்க ரப்பர்ல மெழுகும் மருந்தும் கலக்குறாங்க. டயர் உருண்டு வளைஞ்சு கொடுத்தாத்தான் அந்த மெழுகு மேல்பரப்புக்கு நல்லா வரும். நின்னுக்கிட்டே இருந்தா வராது. (அந்த மருந்துல ஒண்ணு ஓசோனோட சேர்ந்து மாறி, மழைத் தண்ணியில கலந்து ஆத்துக்குப் போய் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்லுதுன்னு 2020-ல் கண்டுபிடிச்சாங்க. ஒரு பிழையைத் திருத்தினா இன்னொண்ணு முளைக்குது. எங்க ப்ராஜெக்ட் மாதிரியே :-) )

பேட்டரி 1859-ல் பிரான்ஸ்ல காஸ்டன் ப்ளாந்தே செஞ்ச அதே ஈயம்-அமில வகைதான். நிறைய சார்ஜ் இருந்தா கொலராடோ குளிர் ஒண்ணும் பண்ணாது. சார்ஜ் இறங்கிப் போச்சுன்னா உள்ளே இருக்கிறது கிட்டத்தட்ட தண்ணி, உறைஞ்சு உடைஞ்சிடும். பெரியவர் ரெண்டு வருஷமும் கழட்டி வீட்டுல வச்சு சார்ஜ் போட்டிருந்ததால தப்பிச்சது.

ஃபிரிட்ஜ்தான் ஆச்சரியம். அடுப்பு மாதிரி கேஸ்ல தீ எரிச்சு ஐஸ் கட்டி பண்ணுது! 1922-ல் ஸ்டாக்ஹோம் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் ரெண்டு பேர், வான் ப்ளாட்டன், மண்டர்ஸ், கண்டுபிடிச்சது. அமோனியா, ஹைட்ரஜன், தண்ணி மூணும் சுத்துது, ஓடுற பாகம்னு ஒண்ணுகூடக் கிடையாது. நாமெல்லாம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை எங்கேருந்து 'எடுத்தோம்'னு நெனச்சுப் பார்த்து வெக்கமா இருந்தது. இதே காலத்துல, ஃபிரிட்ஜ்ல இருந்து கசிஞ்ச விஷவாயுவால பெர்லின்ல ஒரு குடும்பமே இறந்ததைப் பேப்பர்ல படிச்சிட்டு ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும் சேர்ந்து பாதுகாப்பான ஃபிரிட்ஜ் செய்ய இறங்கினாங்க. 1930-ல் அவங்களுக்கு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைச்சது. வண்டி சமதளத்துல நிக்கணும், இல்லைன்னா திரவம் தேங்கி ஃபிரிட்ஜ் கெட்டுடும். அதான் லிஸ்ட்ல "லெவல் பாரு".

1937, மார்ச்

அடுத்த வரி கேஸ். சமைக்க, ஃபிரிட்ஜ் ஓட, சூடேத்த எல்லாத்துக்கும் வண்டிக்கு அடியில ஒரு எல்.பி.ஜி. டேங்க். "மோந்து பாரு, என் மூக்கு எப்பவோ ரிட்டயர் ஆயிடுச்சு"ன்னார். மோந்து பார்த்தேன். ஒண்ணும் இல்லை. "ஓகே"ன்னேன். அவர் நம்பலை, சோப்புத் தண்ணியைக் கரைச்சார்.

நம்ம வீட்டு சிலிண்டர் கசிஞ்சா வர்ற அந்த அழுகின நாத்தம் கேஸோட சொந்த நாத்தம் கிடையாது. அது நாம சேர்க்கிறது, எத்தில் மெர்காப்டன்னு ஒரு ரசாயனம். ஏன் சேர்க்கிறாங்கன்னு நான் யோசிச்சதே இல்லை.

கிழக்கு டெக்சாஸ்ல நியூ லண்டன்னு ஒரு ஊர். எண்ணெய்க் கிணறுகளால பணம் கொழிச்ச ஊர், அதனால பள்ளிக்கூடமும் பிரமாதம். ஆனாலும் காசு மிச்சம் பிடிக்க 1937 ஆரம்பத்துல காசு கொடுத்து வாங்கின கேஸ் இணைப்பை நிறுத்திட்டு, எண்ணெய் வயல்ல மிச்சமா வர்ற கேஸ் போற குழாயில ஒட்டு போட்டுக்கிட்டாங்க. அந்தப் பக்கம் எல்லாரும் பண்றதுதான். அந்த கேஸுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. எங்கேயோ கசிஞ்சு கட்டடத்துக்கு அடியில இருந்த காலி இடத்துல சேர்ந்துக்கிட்டே இருந்திருக்கு. பசங்க தலைவலின்னு சொல்லியிருக்காங்க. யாரும் பெரிசா எடுத்துக்கலை. மார்ச் 18, பள்ளிக்கூடம் விடப் போற நேரம். தொழிற்பயிற்சி வகுப்பு வாத்தியார் மரம் இழைக்கிற மின்சார மெஷினை ஆன் பண்ணினார். ஒரு பொறி. கட்டடமே மேலே எழும்பி விழுந்தது. கிட்டத்தட்ட 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள்.

சில வாரத்துக்குள்ள டெக்சாஸ்ல கேஸுக்கு நாத்தம் சேர்க்கணும்னு சட்டம் வந்தது, அப்புறம் மத்த இடங்களுக்கும் பரவுச்சு. அதே வருஷம் இன்னொரு சட்டமும் வந்தது. பதிவு பண்ணாம யாரும் தன்னை இன்ஜினியர்னு சொல்லிக்கிட்டுத் தொழில் பண்ணக்கூடாதுங்கிற சட்டம். நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சேன், இந்தப் பள்ளிக்கூடத்தைப் பத்தி ஒரு வாத்தியாரும் சொல்லலை. நானும் கேட்கலை.

இப்ப ஷெட்டுக்கு வருவோம். ரொம்ப நாள் சும்மா கிடக்குற இரும்பு டேங்க்குக்குள்ள ஈரமும் துருவும் சேர்ந்தா, அந்த மெர்காப்டனை அது தின்னுடும். கேஸ் அப்படியே இருக்கும், நாத்தம் மட்டும் மங்கிடும். எங்க டேங்க்ல கால்வாசி பழைய கேஸ் இருந்தது. அடுப்புக்குப் போற குழாய் மூட்டுல பெரியவர் சோப்புத் தண்ணியைத் தடவினார். பத்து செகண்ட் ஒண்ணும் இல்லை. அப்புறம் மெதுவா ஒரு குமிழி. உடைஞ்சது. இன்னொண்ணு.

நான் "ஓகே" சொல்லி அஞ்சு நிமிஷம்கூட ஆகலை.

சுவத்துல கேஸ் எச்சரிக்கைக் கருவி ஒண்ணு இருந்தது. அதுக்கும் ஆயுசு உண்டு, பொதுவா அஞ்சுலேருந்து ஏழு வருஷம். பின்னாடி திருப்பிப் பார்த்தா, போன வருஷமே காலாவதி. மூக்கு போச்சு, நாத்தம் மங்கிப் போச்சு, கருவியும் செத்துப் போச்சு. டேங்க்கை மூடிட்டு மெக்கானிக்குக்குப் போன் போட்டோம். பயணம் ஒரு வாரம் தள்ளிப் போச்சு.

1937, அக்டோபர்

குழாயைத் திறந்தா ரோஸ் மில்க் மாதிரி பிங்க் கலர்ல வந்தது. அதுதான் குளிர்காலத்துக்கு ஊத்தி வச்ச திரவம். புரோபிலீன் கிளைகால் கலந்தது, உடம்புக்குப் பெரிசாக் கெடுதல் இல்லாதது. கார் ரேடியேட்டர்ல ஊத்துற எத்திலீன் கிளைகால் விஷம், ஆனா நாக்குக்கு இனிப்பு. ரெண்டும் குழம்பிடக் கூடாதுன்னுதான் குடிநீர்க் குழாய்ல ஊத்துறதுக்குப் பிங்க் சாயம். "கலரை மட்டும் நம்பாதே, லேபிளைப் படி. இப்ப கார் திரவமும் எல்லாக் கலர்லயும் வருது"ன்னார்.

இந்தக் குடும்பத்துல மூணாவது ஆள் ஒருத்தன், டைஎத்திலீன் கிளைகால். நியூ லண்டன் வெடிச்ச அதே 1937-ல், இலையுதிர் காலத்துல, டென்னசி மாநிலத்து மருந்துக் கம்பெனி ஒண்ணு சல்ஃபா மாத்திரையைக் குழந்தைகளும் குடிக்கிற மாதிரி சிரப்பா ஆக்குச்சு. மருந்து கரையுறதுக்கு டைஎத்திலீன் கிளைகால். ராஸ்பெரி வாசனை சேர்த்தாங்க, சுவை பார்த்தாங்க, நிறம் பார்த்தாங்க. விஷமான்னு பார்க்கலை. பார்க்கணும்னு அப்போ சட்டமும் இல்லை. 100-க்கும் மேல பேர் இறந்தாங்க, மூணுல ஒருத்தர் குழந்தை. கம்பெனி மேல போட முடிஞ்ச வழக்கு என்ன தெரியுமா? 'எலிக்சிர்'னு பேர் வச்சா ஆல்கஹால் இருக்கணும், இதுல இல்லை, அதனால பேர் தப்பு! 1938-ல் அமெரிக்க மருந்துச் சட்டம் மாறினதுக்கு இந்தச் சாவுகள்தான் காரணம்.

இதைப் படிச்சப்ப ராத்திரி ரெண்டு மணி. தூக்கம் போனது வேற காரணத்துக்கு. 2025-ல் மத்தியப் பிரதேசம் சிந்துவாரா பகுதியில 20-க்கும் மேற்பட்ட குழந்தைங்க இருமல் மருந்து குடிச்சு சிறுநீரகம் கெட்டு இறந்தாங்களே, அந்த மருந்துல இருந்ததும் இதே டைஎத்திலீன் கிளைகால்தான். தமிழ்நாட்டு அதிகாரிகள் பரிசோதிச்சப்ப 48.6 சதவீதம். தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல. 1937-க்கும் 2025-க்கும் நடுவுல 88 வருஷம். சட்டம் இருந்தது, சோதனை முறை இருந்தது. குழந்தை வாயில ஊத்துறதுக்கு முன்னாடி யாரோ ஒருத்தர் உண்மையிலேயே சோதிக்கணும், அது மட்டும் நடக்கலை.

கடைசி வரி

பிங்க்கைக் கழுவி விட்டுட்டு, டேங்க்ல 15 கேலனுக்குக் கால் கப் ப்ளீச் கலந்து எல்லாக் குழாய்லயும் ஓட விட்டு, ராத்திரி முழுக்க ஊற வச்சோம். குடிதண்ணியில குளோரின் கலக்குறதை அமெரிக்காவுல ஒரு ஊருக்கே நிரந்தரமா முதல்ல செஞ்சது 1908-ல், ஜெர்சி சிட்டிக்கு. டாக்டர் ஜான் லீல் யாரையும் கேக்காமலே கலக்க ஆரம்பிச்சிட்டார். அவரோட அப்பாவும் டாக்டர், உள்நாட்டுப் போர்ல குடல் நோய் வாங்கி வந்து வருஷக்கணக்கா அவதிப்பட்டு இறந்தவர். கோர்ட்ல நிறுத்தி, "இதை நீங்க குடிப்பீங்களா, வீட்டுல குடுப்பீங்களா"ன்னு கேட்டாங்க. தயங்காம ஆமாம்னார்.

கோடிங்ல பழைய ஆள் யாராவது எழுதி வச்ச ஒரு வரி இருக்கும். எதுக்குன்னே புரியாது. தேவையில்லைன்னு தூக்கிட்டு, அப்புறம் ராத்திரி மூணு மணிக்குப் போன் வரும்போதுதான் தெரியும். பெரியவரோட லிஸ்டும் அப்படித்தான். வாசனையில்லாத கேஸுக்கு யாரோ வாசனை குடுத்தாங்க, நிறமில்லாததுக்கு நிறம், வயசு தெரியாத டயருக்குத் தேதி. எல்லாமே யாரோ செத்ததுக்கு அப்புறமோ, சாக இருந்து தப்பிச்சதுக்கு அப்புறமோ. வண்டி ரொம்ப நாள் தூங்கினா அந்த அடையாளமெல்லாம் ஒண்ணொண்ணா அழிஞ்சு, மறுபடி 1937-க்கே போயிடுது. அதனாலதான் மூக்கை நம்பாம சோப்புத் தண்ணி.

மே முதல் வாரம் பெரியவர் மேசா வெர்டேவுக்குக் கிளம்பினார். ஃபோர் கார்னர்ஸ் பக்கம்தான். வண்டி நல்லா ஓடுதாம், ஃபிரிட்ஜ்ல ஐஸ் கட்டியும் வந்துடுச்சாம்.

போறதுக்கு முன்னாடி லிஸ்டை ஒரு காப்பி எடுத்துக்கட்டுமான்னு கேட்டேன். "உன்கிட்டதான் வண்டியே இல்லையே"ன்னார். ஊர்ல எங்க வீடு ஒண்ணு நாலு வருஷமாப் பூட்டிக் கிடக்கு, போனா நான்தான் திறக்கணும்னேன்.

பி.கு: உங்க வீட்டுலயும் ரொம்ப நாளா உபயோகிக்காத சிலிண்டர், அடுப்பு, பூட்டின ரூம் ஏதாவது இருந்தா, முதல்ல ஜன்னலைத் திறங்க. தொடப்பம் அப்புறம்.